ஒரே வீட்டில் வடக்கும் தெற்கும்

ஏழாம் வகுப்பில் ஒரு தூரதேசத்து உள்நாட்டுப் போர் பாடம். காதுக்குப் பின்னால் சின்ன மின்னணு வில்லையை ஒட்டினால், பிள்ளைகள் அந்தக் காலத்து ஆட்களாகவே ஒரு வாரம் வாழ்ந்து படிப்பார்கள். வருகைப் பதிவேட்டில் ஒற்றை எண்காரர்கள் வடக்கு, இரட்டை எண்காரர்கள் தெற்கு. எழிலனும் எழிலியும் ஒரே வீட்டு இரட்டையர்கள், அடுத்தடுத்த எண்கள்; அவன் வடக்கு, அவள் தெற்கு.

புதன்கிழமை ஃப்ரிட்ஜ் தெற்கின் வசமானது. வெள்ளிக்கிழமை வில்லைகளைக் கழற்றியாயிற்று. அடுத்த செவ்வாயாகியும் எழிலன், “தெற்குக்காரி ஃப்ரிட்ஜ் மாவுல சுட்ட தோசை எனக்கு வேணாம்மா” என்று பட்டினி கிடந்தான்.

அம்மா, வரலாற்று டீச்சர் வாசுகிக்கு போன் போட்டாள்.

“மிஸ், ரெண்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசல.”

“அவ்ளோ ஆழமாப் புரிஞ்சிருக்கு மேடம்! ரெண்டு பேருக்கும் சென்டம்.”

“சமாதானம் ஆகுற பாடம் எப்போ நடத்துவீங்க?”

“அதை சிலபஸ்லேருந்து எடுத்துட்டாங்க மேடம், பிள்ளைங்களுக்குச் சுமைன்னு.”