அவன் நம்பணும்

கரண்ட் போய்விட்டது. அவள் வாய் நிற்கவில்லை.

மில் ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவள். சத்தம் அடங்கிய பிறகும் அதே உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். மூட்டைகளுக்குப் பின்னால், என் கண்ணுக்கு மறைவாக.

இங்கிலீஷில்.

ஐ வான்ட் டு கோ. ஐ வான்ட் டு கோ.

கோ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்.

மிளகாய் அரைக்க வந்தவள் சிரித்தாள். "என்ன அண்ணாச்சி, மதினி இப்பவே ப்ளேன்ல ஏறிட்டாகளா?"

கரண்ட் வந்ததும் வருகிறேன் என்று கிளம்பினாள். டப்பாவை வைத்துவிட்டுப் போகவில்லை. தூக்கிக்கொண்டு போனாள்.

மாவு மில்லில் அப்படித்தான். தன் சாமானை விட்டு ஒருத்தியும் நகரமாட்டாள். முன்னால் அரைத்தவளின் கோதுமை தன் மாவில் கலந்துவிடும் என்று மெஷின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அது தப்பில்லை. கலக்கத்தான் செய்கிறது.

நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

தவிட்டு மூட்டை மேல் போன். போனுக்கு முன்னால் என் பெண்டாட்டி.

"யாருகிட்டளா பேசுத?"

"பகவதிகிட்ட."

"பெத்த மககிட்ட இங்கிலீஷ் எதுக்கு?"

போன் பதில் சொன்னது. "எப்பா, அம்மாவுக்கு வியாழக்கிழமை விசா இன்டர்வியூல்லா. அதுக்குச் சொல்லிக்குடுக்கேன்."

இன்டர்வியூ எனக்குத் தெரியும். மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம். இவள் துணைக்குப் போகிறாள். தெரியாதது, மில் ஓடும்போது பார்த்து ஏன் படிக்க வேண்டும் என்பது.

"தமிழ்ல கேக்க மாட்டானா?"

"கேப்பாங்கப்பா. அம்மாதான் இங்கிலீஷ்லயே சொல்லுதேங்கா."

அவள் தவிட்டு மூட்டையின் தையலை நோண்டிக்கொண்டிருந்தாள்.

என்னையும் மகள் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டாள். ஒரு தடவை. மில்லை யார் பார்ப்பது என்றேன். மறுபடி கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

"என் முன்னால படி," என்றேன். காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மகள் ஒரு சொல்லைத் தருவாள். இவள் அதை வைத்து ஒரு வரி சொல்ல வேண்டும்.

மகள் என்ஜாய் என்றாள்.

"ஐ என்ஜாய் டு குக்."

"எம்மா, எத்தனை வாட்டி சொல்லுதது! என்ஜாய்க்குப் பின்னால டு வராது. என்ஜாய் குக்கிங். வான்ட்டுக்குத்தான் டு. வான்ட் டு குக்."

"ஏன் வராது?" என்றேன்.

"வராதுப்பா. அது அப்படித்தான்."

எனக்குப் புரிந்தது. சம்பந்தம் செய்கிற மாதிரிதான். வான்ட் ஒரு வீட்டில்தான் பெண் எடுக்கும். என்ஜாய் இன்னொரு வீட்டில். லைக் என்று ஒன்று, இரண்டு வீட்டிலும் எடுக்குமாம், ஒரு வித்தியாசமும் கிடையாதாம். ஸ்டாப்பும் இரண்டு வீட்டிலும் எடுக்கும், ஆனால் வீட்டுக்கு வீடு பேச்சு மாறுமாம். ஸ்டாப் டு டாக் என்றால் பேசுவதற்காக நிற்பது. ஸ்டாப் டாக்கிங் என்றால் பேச்சையே விட்டுவிடுவது.

வீட்டுக்கு வீடு பேச்சு மாறுகிற ஆளை நான் மில்லுக்குள் விடமாட்டேன்.

"அந்த குக்கிங்குக்கு என்ன அர்த்தம்?"

"சமைக்கதுன்னா சந்தோசமா இருக்கும்னு," என்றாள் இவள். என்னைப் பார்க்கவில்லை.

"உனக்கா?"

"ஆபீசர் கேட்டா சொல்லணும்லா."

ஆக, பொய். இரண்டு பேரும் சேர்ந்து என் மில் சத்தத்துக்குள் அதைத்தான் அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஹோப். தடுமாறினாள்.

ஃபினிஷ். தப்பாகச் சொன்னாள்.

அவாய்ட் வாயிலேயே நுழையவில்லை. வியர்த்து, முந்தானையால் துடைத்து, டு-வா இங்-கா என்று தனக்குள் முனகி, மகள் திட்டத் திட்டச் சொன்னாள்.

கடைசியாக மகள் ப்ளான் என்றாள்.

"ஐ ப்ளான் டு கம் பேக் டு மை ஹஸ்பண்ட்."

ஒரே மூச்சில். எண்ணெய் போட்ட மாதிரி.

"சூப்பர்மா! இதை இப்படியே சொல்லு. குனியாத. கண்ணைப் பாத்துச் சொல்லு. அவன் நம்பணும். நம்பலன்னா விசா கிடையாது."

ஹஸ்பண்ட் எனக்குத் தெரியும்.

மற்றதையெல்லாம் யோசித்துச் சொன்னாள், தப்பு வந்தது. இதற்கு மட்டும் யோசனையே இல்லை. மனசில் இருப்பது இப்படி வழுக்கிக்கொண்டு வராது. ஈர அரிசி மாதிரி அங்கங்கே அடைத்துக்கொண்டுதான் வரும்.

"அர்த்தம் சொல்லு."

"திரும்பி வந்துருவேன்னு அர்த்தம்பா," மகள் முந்திக்கொண்டாள்.

"உன்னைக் கேக்கல. ஏளா, நீ சொல்லு. ஆபீசர்கிட்ட சொல்ல வேண்டாம். எங்கிட்ட சொல்லு. தமிழ்ல."



அவள் தையலிலிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். மகள் சொல்லிக்கொடுத்தபடியே, குனியாமல், என் கண்ணைப் பார்த்தாள்.

"திரும்பி வந்து?" என்றாள்.

கோபமில்லை. அரைக்க வருகிறவர்களிடம் நைசாகவா கொரகொரப்பாகவா என்று கேட்பாளே, அந்தக் குரல்.

"எம்மா, ஆபீசர்கிட்ட அப்படியெல்லாம் கேட்டுராத," என்றது போன்.

யாரும் சிரிக்கவில்லை.

பதில் இல்லாமலா. வீடு இருக்கிறது. மில் இருக்கிறது. நான் இருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் குனியாமல் சொல்கிற மாதிரி இல்லை.

"நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் காத்திருந்தாள்.

தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு, அந்தப் பக்கம் மகளும் காத்திருந்தாள்.