அரைஞாண் கயிறு

தங்கை செண்பகத்துக்குத் தன் ஈரலில் ஒரு பாதியைக் கொடுக்க நம்பிராஜன் ஒத்துக்கொண்டிருந்தான். அதில் கொழுப்பு படிந்திருக்கிறது, பத்துக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். ஏழு வாரம் அரைவயிறும் நடையுமாகப் போனதில் ஐந்து கிலோ இறங்கியிருந்தது. தினமும் காலையில் எடை பார்த்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளிடம் போனில் சொல்லுவான். இன்று முள் நேற்றைவிட முக்கால் கிலோ ஏறி நின்றது. பனியனைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினான். அதே முக்கால். அதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

“இன்னைக்கு எவ்வளவுண்ணே?”

பொய் சொல்லத்தான் வாயெடுத்தான், வரவில்லை. “முக்கால் கிலோ ஏறிட்டு தாயி. நேத்து ராத்திரி மோர்தான் குடிச்சேன்.”

“எனக்கு ஒரு கிலோ ஏறிருக்கு. வயித்துல சேர்ற தண்ணிதான், மதியம் ஊசி போட்டு எடுத்துருவாங்க. உனக்கும் தண்ணியாத்தான் இருக்கும். போயிரும்ணே.”

போனை வைத்துவிட்டு அவன் தன் இடுப்பைப் பார்த்தபடி நின்றான். இத்தனை வருஷம் சதைக்குள் புதைந்து கிடந்த அரைஞாண் கயிறு, தன் வெளிறிய தடத்தை விட்டு நழுவி இடுப்பெலும்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அவிழ்த்து இறுக்கிக் கட்டுங்க, விழுந்துரப் போவுது” என்றாள் மனைவி.

“விழட்டும்” என்று செருப்பை மாட்டினான்.