பதினான்கு மாத நீதிபதி

நீதிபதி கோமளவல்லி வந்து உட்கார்ந்ததும், கூண்டில் நின்ற சாயப்பட்டறை முதலாளி பொன்னுச்சாமி பல்லைக் காட்டினான். அந்த இளிப்பின் காரணம் அவளுக்குத் தெரியும். எந்த நீதிபதியும் தான் சிறையில் கழித்த காலத்துக்கு மேல் யாரையும் உள்ளே தள்ள முடியாது என்பது சட்டம். அதற்காகவே வேலைக்குச் சேருமுன் அவள் தானாகப் போய் உள்ளே கழித்தது பதினான்கு மாதம், மாவட்ட நீதிபதிகளிலேயே குறைவு. மகள் முதன்முதலாக "அம்மா" என்றதைக் கம்பிவலைக்குப் பின்னால் நின்று கேட்டவள், அதற்கு மேல் தாங்காமல் வெளியே வந்துவிட்டாள். இதை விசாரித்துவிட்டுத்தான் அவன் வழக்கை இந்தக் கோர்ட்டுக்கு மாற்றி வாங்கியிருந்தான்.

கழிவுத் தொட்டிக்குள் முகமூடிகூடக் கொடுக்காமல் அவன் இறக்கிவிட்ட இரண்டு பேரும் பிணமாகத்தான் மேலே வந்தார்கள். குற்றம் ருசுவாகிவிட்டது.

"தண்டனையப் பத்தி ஏதாச்சும் சொல்றீங்களா?"

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது? பதினாலு மாசந்தானுங்க. போயிட்டு வந்தர்றேன்."

செத்தவர்களில் ஒருவனின் மனைவி ராசாத்தி பின் பெஞ்சில் இருந்தாள். அவள் பொன்னுச்சாமியைப் பார்க்கவில்லை. காறித் துப்பாத குறையாகக் கோமளவல்லியைத்தான் பார்த்தாள்.

கோமளவல்லி பேனாவை மூடினாள்.

"ஏழு வருஷம் குடுக்கணும். எங்கிட்ட அவ்வளவு இல்ல. மிச்சத்தச் சம்பாதிச்சுட்டு வர்றேன்." கிளார்க்கிடம் திரும்பினாள். "எழுதிக்குங்க. தீர்ப்பு அஞ்சு வருஷம் பத்து மாசம் ஒத்திவைப்பு. அதுவரைக்கும் இவர் ஜாமீன் ரத்து."

இளிப்பு அடங்கிவிட்டது. "அதுவரைக்கும் நான் எங்கீங்க இருக்கறது?"

"உள்ளதான். நானும் அங்கதான் இருப்பேன்."

போலீஸ் அவனை இழுத்துக்கொண்டு போன பிறகுதான், பத்து வயது மகளிடம் போய் என்ன சொல்வது என்ற நினைப்பே அவளுக்கு வந்தது.