பூ, கிளி, பட்டாம்பூச்சி

"கடைசியா சொல்றேன் டீச்சர். வாய்க்கால்ங்கிற வார்த்தை இன்னிக்கு ஒருத்தர் வாயிலயும் வரக் கூடாது."

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஹெட்மாஸ்டர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

அறிவியல் டீச்சர் வகுப்பைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். சுவர் கொள்ளாமல் பூ, கிளி, பட்டாம்பூச்சி.

அதுதான் உத்தரவு. சுற்றுச்சூழல் தினக் கண்காட்சியில் இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் தலைகாட்டக் கூடாது.

போன வருடம் பட்ட பாடு அப்படி. பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் பிள்ளைகள் தண்ணீர் பிடித்துவந்து, பாட்டில் பாட்டிலாக மேசையில் அடுக்கியிருந்தார்கள். விருந்தாளி வந்து இறங்குவதற்குள் ஹெட்மாஸ்டரே அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்த் தன் அறை வாஷ்பேசினில் கொட்டிவிட்டார்.

அந்த ஊதாக் கறை இன்னும் போகவில்லை. ஆசிட் ஊற்றித் தேய்த்தும் பார்த்தாகிவிட்டது. தினமும் அதில்தான் கை கழுவிவிட்டு மனுஷன் சாப்பிட உட்காருகிறார்.

விருந்தாளி வருடா வருடம் ஒரே ஆள்தான். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருக்கும் சாயப்பட்டறையின் முதலாளி. பள்ளியை நடத்துகிற நிர்வாகக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். டீச்சரின் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"கையெழுத்து ஆகுற வரைக்கும் கொஞ்சம் வாயைக் கட்டிக்கிட்டு இரும்மா. அப்புறம் உன் இஷ்டம்" என்று காலையில் டிபன் டப்பாவை நீட்டும்போதுகூட வீட்டுக்காரர் கெஞ்சியிருந்தார்.

டீச்சரும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். கலர் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு ஹெட்மாஸ்டர் கையை விரித்தபோதுகூட மறுபேச்சு பேசவில்லை.

"சுத்தி என்ன கிடைக்குதோ அதை வச்சுப் பண்ணுங்க டீச்சர். அதுக்குப் பேருதானே சுற்றுச்சூழல்?"

சரி சார் என்று வந்துவிட்டார்.

பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு படம் வரைவதைப் பார்த்து ஹெட்மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது. கையில் ஒரு பொட்டுக் கலர் ஒட்டவில்லை, இதுவல்லவா சுத்தம் என்று மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் மற்ற வகுப்புகளுக்குப் புத்தி சொன்னார்.

முதலாளி உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷச் சிரிப்பு. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார்.

"அடேயப்பா! அசல் கிளி தோத்துடும் போலிருக்கே!"

ஹெட்மாஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டீச்சருக்கு மூச்சு முட்டியது. கேட்பாரா, கேட்காமலே போய்விடுவாரா? கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார். அதிலும் முதல் பெஞ்சில் இருக்கிற 'ரேடியோ'விடம் மூன்று தடவை. அணைக்கப் பொத்தான் இல்லாத பெண் அது.

கதவு வரைக்கும் போன முதலாளி சட்டென்று திரும்பி வந்தார். செம்பருத்திப் படத்துக்கு முன்னால் நின்றார்.

கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, இதழ்மேல் வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தார். சாயம் நிற்கிறதா, போகிறதா என்று பார்க்கிற தொழில் பழக்கம். துணியானாலும் காகிதமானாலும் அந்தக் கை சும்மா இருக்காது.

விரலைத் திருப்பிப் பார்த்தார். சிவந்திருந்தது.

"என்ன ஒரு சிவப்பு! எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே. எந்தக் கம்பெனி கலர் டீச்சர் இது?"

எத்தனையோ நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில். வாய் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கையெழுத்து, டிபன் டப்பா, வீட்டுக்காரரின் முகம் எல்லாம் சேர்ந்து வழியை மறித்துக்கொண்டன.

ரேடியோ எழுந்தது.

"உங்க கம்பெனிதான் சார்."

ரேடியோ அதோடு நிறுத்தவில்லை.

"பின்னாடி வாய்க்கால்ல செவ்வாய்க்கிழமை ஓடினது சார் இது. கிளிக்கு வியாழக்கிழமைத் தண்ணி. தட்டுல ஊத்தி வெயில்ல வச்சா சூப்பரா கெட்டியாயிடுது."

ஹெட்மாஸ்டர் பாய்ந்து நடுவில் வந்தார். "சின்னப் பொண்ணு சார், என்னமோ உளறுது. கடையில வாங்கின கலர்தான். பொய் சொல்லுதுன்னு சொல்லுங்களேன் டீச்சர்!"

ரேடியோ டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றது. பாவாடை நுனியைக் கசக்கியபடி, அழுகையை விழுங்கிக்கொண்டு.

"பொண்ணு நல்லாத்தான் கதை விடுது" என்று சிரித்த முதலாளி, பக்கத்துக் கிளியின் பச்சையையும் பார்த்துவிடலாம் என்று கட்டைவிரலை மறுபடி நாக்குக்குக் கொண்டுபோனார்.

"வாயில வைக்காதீங்க சார்!"

அது தன் குரல்தானா என்று டீச்சருக்கே சந்தேகமாக இருந்தது. அத்தனை சத்தம்.

ரேடியோவின் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டார். இன்னொரு கையால் மேசை டிராயரைத் திறந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

"எங்க பிள்ளைங்க இதை மாட்டிக்கிட்டுத்தான் தொட்டாங்க."

முதலாளியின் விரல் உதட்டுக்கு முன்னால் சிவப்பாக அப்படியே நின்றது.