கடைசி அத்தியாயத்தைக் கிழித்தவள்

என் குறுநாவலின் பின்னட்டையில் என் போன் நம்பர் இருக்கிறது, கண்ணுகளா. திட்ட நினைப்பவர்கள் நேராக என்னையே கூப்பிடுகிறார்கள். சுனாமியில் போன மீனவன் ஒருவன் இருபது வருஷம் கழித்து, போனபோது இருந்த அதே வயதில் வீடு திரும்புகிறான். கடைசி அத்தியாயத்தில் மறுபடியும் கடலுக்கே போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை.

“பேயே வரலியே, இதுக்குப் பேரு திகில் கதையா?” என்று சிதம்பரத்து வாசகர் வினோத்குமார் சண்டைக்கு வந்தார்.

நேற்றுக் காலை கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து அமராவதி என்றொருத்தி கூப்பிட்டாள்.

“ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? அவர ஏன் திருப்பி அனுப்புனீங்க?”

“கதைதானேம்மா.”

“யாருக்குக் கத? எங்க ஊட்டுக்காரரு போன மாசம் வந்துட்டாரு. சுனாமில போனப்ப இருந்த அதே முப்பது வயசு. எனக்கு இப்ப நாப்பத்தொம்பது. வந்ததும் சோறு கேட்டாரு. தெனம் ஒங்க புக்கத்தான் படிக்கிறாரு. கடைசி அத்தியாயத்தக் கிழிச்சி அடுப்புல போட்டுட்டேன். முடிவச் சொல்லுன்னு உயிர எடுக்குறாரு. நீங்களே மாத்திச் சொல்லுங்க!”

போன் கை மாறியது. இளம் குரல் ஒன்று மரியாதையாகக் கேட்டது.

“அம்மா, அவன் கடைசில என்ன ஆனான்?”

“வீட்டுலயே இருந்துட்டான், தம்பி.”



“அப்ப, சுனாமில என்கூடப் போன இவுங்ககிட்ட என்ன சொல்றது?”

அவனுக்குப் பின்னால் படகு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. “ஏறு மச்சான், நேரமாவுது” என்று பல ஆண்கள் கூப்பிட்டார்கள்.

“கத மாறிப்போச்சுடா! போங்கடா!” என்று அமராவதி அவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

இன்ஜின் நிற்கவில்லை.