முதல் இரண்டு வரிசை

“நாங்க நினைக்கிறபடி எல்லாம் கைகூடி வந்தா, இன்னும் முப்பது வருஷத்துல காது கேக்காத குழந்தைன்னு ஒண்ணு பிறக்கவே பிறக்காது” என்றார் பேராசிரியர்.

அரங்கம் கைதட்டியது.

என் கைகள் ஒரு நொடி அந்தரத்தில் நின்றுவிட்டன.

மேடையின் வலது ஓரத்தில், கறுப்பு உடையில், தனி விளக்கின் கீழ் நிற்பது என் வேலை. மேடைப் பேச்சைச் சைகை மொழிக்கு மாற்றுவேன். கீழிருந்து யாராவது சைகையில் கேள்வி கேட்டால் அதற்குக் குரல் கொடுப்பேன். பதினேழு வருடத் தொழில்.

அது பல்கலைக்கழகம் பொதுமக்களுக்காக நடத்திய மாலைக் கூட்டம். அறிவியலும் நாளைய சமூகமும் என்று பெரிய பதாகை. மூன்று பேச்சுகள். நானூறு நாற்காலிகளில் ஒதுக்கியவை தவிர எல்லாம் நிரம்பி, சுவரோரம்கூட ஆட்கள் நின்றிருந்தார்கள். முதல் இரண்டு வரிசைகளை என் கைகளைப் பார்ப்பவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பதினோரு பேர் வந்திருந்தார்கள்.

அதுவரை அவர்களுக்கு நல்ல பொழுதுதான். வீட்டு வேலையெல்லாம் இயந்திரங்களிடம் சொன்னால் போதும் என்று முதல் பேச்சாளர் அளந்தபோது, இரண்டாம் வரிசையில் இருந்த தச்சர் பக்கத்து ஆளிடம் கையாலேயே சொன்னார்: எங்க வீட்டு வாஷிங் மெஷின் என்னைவிடச் செவிடு.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது இந்த வாக்கியம்.

சொன்னதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சொன்னேன்.

பதினோரு பேரும் அதை என் விரல்களில் படித்தார்கள். தச்சர் தன் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். அவர்களைப் பொறுத்தவரை அது வாயை இறுக மூடிக்கொள்வது.

கேள்வி நேரம் வந்தது. பின்வரிசைக் கேள்விகளுக்கெல்லாம் பேராசிரியர் பட்பட்டென்று பதில் சொன்னார். நாற்பதைத் தொட்டிருப்பார். எந்த மரபணு, எந்த வாரம், எத்தனை சதவீதம், எல்லாம் விரல்நுனியில் இருந்தது.

முதல் வரிசையில் ஒரு பெண்மணி கையைத் தூக்கினார்.

அறுபதைத் தாண்டியவர். மடியில் இருந்த கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். பேச இரண்டு கைகளும் வேண்டுமே.

அவருடைய சைகைகள் பெரியவை. தெருவின் அந்தப் பக்கம் நிற்பவரோடு பேசிப் பழகியவை. சைகையில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. குரலாக்கும்போது மரியாதையை மட்டும் நான் போட்டுக்கொள்வேன்.

ஒலிவாங்கியில் என் குரல் அவருடைய குரலாயிற்று.

“நான் பிறவியிலேயே காது கேக்காதவ. ரெண்டு பிள்ளைங்களை வளர்த்தேன், ரெண்டுக்கும் காது நல்லாக் கேக்கும். ராத்திரியெல்லாம் குழந்தை வயித்துமேல கை வெச்சுத்தான் தூங்குவேன். அழறதுக்கு முன்னாடியே வயிறு சொல்லிடும். நீங்க சொல்ற அந்தக் காலத்துல என்னை மாதிரி ஒருத்தி இருக்கவே மாட்டா. அது நல்லதா, கெட்டதா? எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

 

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். குறிப்புக் காகிதங்களைப் புரட்டினார்.

பிறகு ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தார். பழுதாகிவிட்டதோ என்று ஒலிப்பொறுப்பாளர் இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பேராசிரியர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வகுப்பில் உட்கார்ந்து கற்ற சைகை அல்ல அது. வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்ட கைகள். வேகமாக, பாதி பாதியாக, கொஞ்சம் அவசரமாக வந்து விழுந்தன. இப்போது நான் அவருக்கும் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

“அம்மா, எனக்கும் தெரியல. உங்ககிட்ட இதைக் கேக்கற தைரியம் இத்தனை வருஷமா எனக்கு வரல.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்னால் கேட்ட தட்டலைவிடப் பெரிய தட்டல். எவ்வளவு பணிவு, ஆராய்ச்சிக்காகச் சைகையெல்லாம் கத்துக்கிட்டிருக்காரு பாரு என்று மூன்றாம் வரிசையில் ஒருவர் நெகிழ்ந்துபோனார்.

முதல் இரண்டு வரிசைகளில் ஒருவரும் கையை அசைக்கவில்லை. பேராசிரியரையும் அந்தப் பெண்மணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்மணி உட்காரவில்லை. மேடையை நோக்கி இன்னும் ஒன்று சொன்னார். இம்முறை சைகை சிறியது. நெஞ்சுக்கு அருகிலேயே வைத்துச் சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

“என்ன சொல்றாங்க?” என்று கூட்டத்தை நடத்தியவர் ஒலிவாங்கியிலேயே கேட்டார்.

“அது கேள்வி இல்ல சார்” என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டார்.

வயதில் மூத்த பெண்களை அம்மா என்று விளிப்பது நமக்குப் பழக்கம். அந்த நானூறு பேரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. சைகையில் அந்தப் பழக்கம் கிடையாது. டீச்சரம்மாவையோ கடைக்காரம்மாவையோ அந்தச் சைகையால் கூப்பிட முடியாது. பெற்றவளை மட்டும்தான் கூப்பிடலாம்.

அந்தப் பெண்மணி மேடையைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

“கை நடுங்குதுடா உனக்கு. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்.”