பட்டுப்போல ஒரு முதுகு

"பூசணி, ஆடாம நில்லுடா."

"பேரைச் சொல்லாதீங்க. மாமா காதுல விழும்" என்று பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தாள், கொல்லைப்புறத்தில் நாயை வாரிக்கொண்டிருந்த மருமகள்.

கணவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமனாரின் காதுபட அந்தப் பெரிய நாயைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை என்பது அவ்வீட்டில் எவரும் உட்கார்ந்து பேசி வகுத்த விதியன்று. ஆயினும் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். வருகிறவர்கள் கேட்டால், "கூப்பிட்டா எழுந்து ஓடிடும், அப்பா தனியாயிடுவார்" என்று அவன் மழுப்புவான். மாமனாரும் பெயர் சொல்லி அழைப்பதை எப்போதோ விட்டிருந்தார்.

பார்வை முற்றிலும் போன புதிதில், தட்டைத் தொடாமல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த நாட்களை மருமகள் மறக்கவில்லை. நாயின் முதுகில் கை வைத்திருந்தால்தான் அவருக்கு நாலு வாய் சோறு இறங்கும். ஆகவே அந்த முதுகு ஒருநாளும் மாறிவிடக் கூடாது என்பதே அவளுடைய கவலை. தினமும் வேலையிலிருந்து திரும்பியதும், அவருடைய நாற்காலியருகே தரையில் அமர்ந்து, உள்முடிக்கு அகலப்பல் சீப்பு, மேல்முடிக்கு பிரஷ் என்று வாரினாள். நாயின் சோற்றில் மீன் எண்ணெய் கலந்தாள். உதிர்ந்த முடி துவைத்த துணியிலும் ஒட்டியது, குடிக்கிற தண்ணீரிலும் மிதந்தது. தோள்பட்டை கழன்று தனியே விழுந்துவிடும் போலிருந்தது.

போன வாரம் நாய்க்குரிய ஷாம்பு தீர்ந்துவிட, அசதியில் தன்னுடையதையே போட்டுக் குளிப்பாட்டிவிட்டாள். வந்தது வினை. இப்போது தோல் வறண்டு, செதில் உதிர்ந்து, முடி சொரசொரத்துக் கிடந்தது.

"அப்பா கண்டுபிடிச்சிடுவாரா?"

"அது கை இல்லங்க, கண்ணு."

"கொஞ்சம் எண்ணெய் தடவிப் பாரேன்."

"நாயா இது, கதவுக் கீலா?"

சொன்னாளே தவிர, வேறு வழி தெரியாமல் தடவினாள். தடவியபின் நாய் மழையில் நனைந்த கம்பளிபோல் ஆயிற்று.

கூடத்தில் மாமனாரின் விரல்கள் வழக்கம்போல் நாயின் கழுத்தில் தொடங்கி, நடுமுதுகுக்கு வந்து நின்றன. நாற்காலியருகே தரையில் உட்கார்ந்திருந்த அவள் சீப்பை மடியில் போட்டாள்.

"என்னம்மா இது, பிசுபிசுன்னு?"

"முடி கொஞ்சம் வறண்டுபோச்சு மாமா, எண்ணெய் தடவினேன். கழுவிக் கூட்டிட்டு வந்துடறோம்."

அவள் கண் காட்ட, கணவன் கழுத்துப்பட்டையைப் பற்றி நாயை வாசற்படிவரை இழுத்துச் சென்றுவிட்டான்.

"விடுப்பா அதை" என்றார் பெரியவர். "நம்ம பழைய நாய் சிப்பாய் முதுகு என்னைக்குப் பளபளன்னு இருந்துச்சு? கால்மிதி மாதிரி இருக்கும். அவன் செத்த மறுநாளே வேற ஒருத்தனைக் கொண்டுவந்து, பட்டுப்போல வாரி, அவன் இடத்துல உட்காரவச்சீங்க. எனக்குக் கண்ணுதானே போச்சு?"

கணவன் தரையைப் பார்த்தான். சீப்பு அவள் மடியிலிருந்து நழுவியது.

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ சீப்பைத் தூக்கி மேல வச்சிடுவே. தினம் சாயங்காலம் என் பக்கத்துல வந்து உட்கார வேற யாரும்மா இருக்கா?"

அவள் கீழே விழுந்த சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவர் சற்றுக் குனிந்து தொடையைத் தட்டினார்.

"பூசணி, இங்க வாடா."

அந்தக் கூடத்தில் முதன்முறையாகத் தன் பெயரைக் கேட்ட நாய், பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு அவரிடம் ஓடியது.